பசிபிக் கரையின் ஆய்வு மேசைகளும் ஆச்சேயின் எரிவாயுவும்

பசிபிக் பிராந்தியத்தில் வர்த்தகம், வலுசக்தி ஆகியவற்றில் ஏற்பட்ட ஒத்துழைப்பு, அதற்குப் பின்னால் நின்ற கொள்கை ஆய்வு என்று ஆரம்பித்தால் வாசகர்களில் கொஞ்சப் பேராவது அடுத்த கட்டுரைக்குத் தாவிவிடுவார்கள். "அது பெரிய நாட்டுக்காரர்ர வேலை சேர், எங்களுக்கு என்னத்துக்கு?" என்று ஆசிரியர் அறையிலேயே ஒருவர் கேட்டார். நான் தமிழ் படிப்பிப்பவன். பொருளியல் என்னுடைய பாடமல்ல. ஆனாலும் பட்டினப்பாலையைப் படிப்பிக்கிறவனுக்கு வர்த்தகம் முற்றிலும் அந்நியமான விடயமுமல்ல. புகார்த் துறைக்கு ஈழத்திலிருந்தும் காழகத்திலிருந்தும் வந்திறங்கிய பண்டங்களை அந்த நூல் வரிசைப்படுத்துகிறது. காழகம் என்பது கடாரம், அதாவது இன்றைய மலேசியாவின் கெடா என்பார் உரைகாரர். கடல் தாண்டி வந்த பொருளைப் பற்றிப் பேசுவது எங்கள் மொழிக்குப் பழைய பழக்கம்.

இன்னொரு காரணமும் உண்டு. 2022இல் நாங்கள் எல்லோரும் வரிசையில் நின்றோம். பெற்றோலுக்கு ஒரு வரிசை, கேஸுக்கு ஒரு வரிசை. மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு. "கப்பல் வருதாம்" என்பதுதான் அந்த நாட்களில் ஊர் முழுக்கப் பேச்சு. வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "சேர், அந்தக் கப்பல் யாரைக் கேட்டு எங்க போகுது?" அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படித்தவற்றைத்தான் இங்கே முடிந்தவரை எளிமையாக விளங்கப்படுத்தப் பார்க்கிறேன். பசிபிக்கை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், வாயுவையும் நிலக்கரியையும் வைத்து நாடுகள் எப்படி ஒன்றோடொன்று கட்டுண்டன என்பதை அங்கேதான் தெளிவாகக் காணலாம். அந்தக் கதையின் நடுவில் ஒரு முஸ்லிம் மண்ணும் இருக்கிறது.

கொள்கை ஆய்வு என்பது

இலக்கிய ஆய்வு நமக்குப் பழக்கமானது. ஒரு நூலை எடுத்து, அதன் காலம், பொருள், நடை என்று பார்ப்போம். கொள்கை ஆய்வு வேறு மாதிரி. இந்தத் தீர்வையைக் குறைத்தால் யார் இலாபமடைவார், யார் நட்டமடைவார்? இந்த வாயுவை இருபது வருடத்துக்கு விற்க ஒப்பந்தம் செய்தால் பத்தாவது வருடத்தில் என்ன நடக்கும்? இப்படியான கேள்விகளுக்குக் கணக்கோடு பதில் எழுதி, முடிவெடுக்கிறவரின் மேசையில் வைப்பதுதான் அதன் வேலை.

பசிபிக் விடயத்தில் இந்த ஆய்வுக்கு ஒரு விசேடம் உண்டு. அங்கே அரசாங்கங்கள் ஒன்றுசேருவதற்கு இருபது வருடங்களுக்கு முன்பே ஆய்வாளர்கள் ஒன்றுசேர்ந்துவிட்டார்கள். எங்கள் ஊர்களில் கலியாணம் பேசுகிற முறையை நினைத்துப் பாருங்கள். இரண்டு வீட்டு வாப்பாமாரும் நேருக்கு நேர் உட்காருவதற்கு முன்னால் ஒரு மாமாவோ மச்சானோ போய் நாடிபிடித்துப் பார்த்துவிட்டு வருவார். சரிவராவிட்டால் யாருக்கும் மானக்கேடில்லை. பசிபிக்கில் அந்த மாமா வேலையைப் பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் பார்த்தார்கள். இதை இரண்டாம் தடப் பேச்சு என்பார்கள். முதலாம் தடம் அரசாங்கங்களுடையது.

ஒரு பேராசிரியரின் யோசனையிலிருந்து

1965இல் ஜப்பானின் ஹித்தோத்சுபாஷிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கியோஷி கொஜிமா ஒரு யோசனையை முன்வைத்தார். அமெரிக்கா, கனடா, ஜப்பான், அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளும் சேர்ந்து பசிபிக் சுதந்திர வர்த்தக வலயம் ஒன்றை அமைக்கலாம் என்பது அந்த யோசனை. ஐரோப்பா அப்போது பொதுச்சந்தையாகக் கூடிக்கொண்டிருந்தது. ஜப்பானுக்கு அது ஒரு கவலை. யோசனை கைகூடவில்லை. அமெரிக்காவுக்கு அதில் நாட்டமில்லை. பணக்கார நாடுகள் ஐந்தும் தங்களுக்குள் கதவைப் பூட்டிக்கொண்டால் அயலில் இருக்கிற ஏழை நாடுகளின் கதி என்ன என்ற கேள்வியும் எழுந்தது.

ஆனால் அதைப் பேசக் கூடியவர்கள் கலைந்து போகவில்லை. 1968 ஜனவரியில் டோக்கியோவில் பசிபிக் வர்த்தக, அபிவிருத்தி மாநாடு முதன்முதலாகக் கூடியது. பிறகு தொடர்ந்து வெவ்வேறு நாடுகளில் கூடியது. ஆய்வுக் கட்டுரைகளைப் படிப்பது, விவாதிப்பது, கலைவது, இவ்வளவுதான் அதன் வேலை. பார்க்கிறவனுக்குச் சும்மா பேச்சு. ஆனால் இந்தப் பேச்சில்தான் ஜப்பானியனும் இந்தோனேசியனும் அவுஸ்திரேலியனும் ஒரே கணக்கை ஒரே சொற்களால் பேசப் பழகினார்கள்.

1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அப்போது ஜப்பானின் வலுசக்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு எண்ணெயிலிருந்து கிடைத்தது. அந்த எண்ணெயில் பெரும்பகுதி மத்திய கிழக்கிலிருந்து வந்தது. ஒரு குழாய் அடைபட்டால் முழு நாடும் நின்றுவிடும் நிலை. எனவே பசிபிக் பக்கம் திரும்பிப் பார்ப்பது அவர்களுக்குக் கட்டாயமாயிற்று. 1979இல் அமெரிக்க செனற் சபைக்காக இயூ பற்றிக், பீற்றர் டிறைஸ்டேல் என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஓர் அறிக்கை தயாரித்தார்கள். பசிபிக்குக்கென ஓர் அமைப்பு வேண்டும் என்று அது சொன்னது. அதே காலத்தில் ஜப்பானியப் பிரதமர் மசயோஷி ஒஹிரா ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தார். 1980 ஜனவரியில் அவர் அவுஸ்திரேலியா சென்று பிரதமர் மல்கம் பிரேசருடன் பேசினார். அதன் விளைவாக அவ்வருடம் செப்டெம்பரில் கன்பராவிலுள்ள அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஒரு கருத்தரங்கு நடந்தது. சேர் ஜோன் குரோபோர்ட் அதை நடத்தினார். ஒஹிரா அதைக் காணவில்லை. ஜூன் மாதமே இறந்துபோனார்.

அந்தக் கருத்தரங்கிலிருந்துதான் பசிபிக் பொருளாதார ஒத்துழைப்பு மன்றம் பிறந்தது. அதன் அமைப்பைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு நாட்டிலிருந்தும் மூன்று வகையானவர்கள் வருவார்கள்: ஆய்வாளர், வர்த்தகர், அரச அதிகாரி. அதிகாரி தனிப்பட்ட முறையில்தான் பேசுவார். அவர் சொன்னது அவரது அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தாது. இதனால் அவருக்கு மனம் திறந்து பேச முடிந்தது. ஒன்பது வருடம் இப்படிப் பேசிப் பழகிய பிறகு, 1989 ஜனவரியில் அவுஸ்திரேலியப் பிரதமர் பொப் ஹோக் சியோலில் வைத்து அரசாங்கங்களின் அமைப்பொன்று வேண்டும் என்றார். அந்த வருடமே நவம்பரில் கன்பராவில் 12 நாடுகளின் அமைச்சர்கள் கூடினார்கள். ஆசிய பசிபிக் பொருளாதார ஒத்துழைப்பு, நாம் செய்திகளில் கேட்கிற 'ஏபெக்', அப்படித்தான் தொடங்கியது.

இன்று அதில் 21 உறுப்பினர்கள். 'உறுப்பு நாடு' என்று அங்கே சொல்வதில்லை, 'உறுப்புப் பொருளாதாரம்' என்றுதான் சொல்வார்கள். 1991இல் சீனா, ஹொங்கொங், தாய்வான் மூன்றையும் ஒரே மேசையில் உட்கார வைப்பதற்குக் கண்டுபிடித்த சொல் அது. ஒரு பெயர்ச்சொல்லை மாற்றி ஒரு பெரிய சண்டையைச் சுற்றிப் போயிருக்கிறார்கள். மொழி படிப்பிப்பவனுக்கு இது ரசிக்கத்தக்க விடயம்.

1994இல் இந்தோனேசியாவின் போகோரில் கூடிய தலைவர்கள், முன்னேறிய பொருளாதாரங்கள் 2010இலும் ஏனையவை 2020இலும் தடையற்ற வர்த்தகத்தை எட்ட வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். இந்த அமைப்பின் முடிவுகள் யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்துவதில்லை. இலக்கு முழுதாக நிறைவேறவில்லை என்று குறை சொல்வோரும் உண்டு. கட்டுப்படுத்தும் ஒப்பந்தங்கள் வெளியே தனியாக வளர்ந்தன. 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த பசிபிக் கடந்த பங்காண்மை உடன்படிக்கையும், 15 நாடுகள் கைச்சாத்திட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வரத் தொடங்கிய பிராந்திய முழுமைப் பொருளாதாரப் பங்காண்மையும் அப்படிப்பட்டவை. இந்த இரண்டாவதில் சேர இலங்கையும் விண்ணப்பித்திருக்கிறது.

வாயு கப்பலேறும் விதம்

இனி வலுசக்திக்கு வருவோம். எண்ணெயைப் பீப்பாயில் ஊற்றிக் கொண்டுபோகலாம். இயற்கை வாயுவை அப்படிக் கொண்டுபோக முடியாது. அதைச் சுழியத்துக்குக் கீழே 162 பாகை செல்சியஸ் வரை குளிரவைத்தால் திரவமாகும். கனவளவு அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கும். அதன் பிறகுதான் கப்பலில் ஏற்றலாம். போய்ச் சேர்ந்த இடத்தில் திரும்ப வாயுவாக்கிக் குழாயில் விட வேண்டும். ஏற்றுகிற பக்கத்தில் குளிரூட்டும் ஆலை, நடுவில் விசேட கப்பல், இறக்குகிற பக்கத்தில் முனையம். மூன்றும் பெரும் செலவு. வாங்குகிறவன் நிச்சயமில்லாமல் யாரும் ஆலை கட்ட மாட்டான். விற்கிறவன் நிச்சயமில்லாமல் யாரும் முனையம் கட்ட மாட்டான்.

ஆகவே ஒப்பந்தங்கள் நீண்டவை. பெரும்பாலும் இருபது வருடம். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் குறித்த அளவுக்குக் காசு கட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். விலை எண்ணெய் விலையோடு கட்டப்பட்டிருக்கும். வாங்கிய சரக்கை வேறு துறைமுகத்துக்குத் திருப்பி விற்கக்கூடாது என்ற நிபந்தனையும் பலவற்றில் இருந்தது. எனது மாணவியின் கேள்விக்கு முதல் பதில் இங்கேதான் கிடைக்கிறது. பெரும்பாலான கப்பல்கள் யாரையும் கேட்டுப் போவதில்லை. அவை போகிற இடம் பல வருடத்துக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது.

ஜப்பானுக்கு முதல் திரவ வாயு 1969 நவம்பரில் அலாஸ்காவிலிருந்து வந்தது. 1972இல் புரூணை அனுப்பத் தொடங்கியது. 1977இல் இந்தோனேசியாவின் களிமந்தானிலுள்ள பொன்டாங்கிலிருந்தும் 1978இல் ஆச்சேயின் அருணிலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன. 1983இல் மலேசியாவின் பிந்துலு, 1989இல் அவுஸ்திரேலியாவின் வடமேற்குக் கரை. இருபது வருடத்தில் பசிபிக்கின் மேற்குக் கரை முழுவதும் ஒரு வாயுச் சங்கிலியாகிவிட்டது. புரூணை, இந்தோனேசியா, மலேசியா என்ற மூன்று முஸ்லிம் நாடுகள் அதன் முக்கிய கண்ணிகள். 2006இல் கட்டார் முந்தும் வரையில் உலகிலேயே அதிகம் திரவ வாயு ஏற்றுமதி செய்த நாடு இந்தோனேசியாதான்.

ஆய்வு என்ன செய்தது

இந்தச் சங்கிலி நின்றுபிடிக்க வேண்டுமானால் ஒவ்வொருவரிடமும் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு தேவை என்பது மற்றவருக்குத் தெரிய வேண்டும். எங்கட சந்தையிலேயே பாருங்கள், அரிசி தட்டுப்படப்போகுது என்று ஒரு கதை கிளம்பினால் போதும், இருக்கிற அரிசியும் மறைந்துவிடும். எண்ணெய்ச் சந்தையும் அதே மாதிரித்தான்.

1995இல் ஒசாகாவில் தலைவர்கள் எடுத்த முடிவைத் தொடர்ந்து 1996இல் டோக்கியோவில் ஆசிய பசிபிக் வலுசக்தி ஆய்வு நிலையம் திறக்கப்பட்டது. உறுப்புப் பொருளாதாரங்களின் ஆய்வாளர்கள் அங்கே வந்து தங்கி வேலை செய்கிறார்கள். இருபது, முப்பது வருடத்துக்கான தேவையையும் விநியோகத்தையும் கணித்து அவ்வப்போது நூலாக வெளியிடுகிறார்கள். 2001இல் ஏபெக்கும் ஒபெக், சர்வதேச வலுசக்தி முகவரகம் உட்பட வேறு ஐந்து அமைப்புகளும் சேர்ந்து உலக எண்ணெய்த் தரவுகளைத் திரட்டும் கூட்டு முயற்சியொன்றைத் தொடங்கின. விற்பவர் சங்கமும் வாங்குபவர் சங்கமும் ஒரே கணக்குப் புத்தகத்தில் எழுதச் சம்மதித்தது சின்ன விடயமல்ல.

இந்த ஆய்வுகளின் மேல் சில பொது இலக்குகளும் வைக்கப்பட்டன. ஒரு ரூபாய் பெறுமதியான பொருளை உற்பத்தி செய்ய எவ்வளவு வலுசக்தி செலவாகிறது என்பதை வலுசக்திச் செறிவு என்பார்கள். 2005ஆம் ஆண்டோடு ஒப்பிட்டு 2035க்குள் அதை 45 வீதம் குறைப்பது என்று 2011இல் ஹொனலுலுவில் தீர்மானித்தார்கள். 2012இல் விளாடிவொஸ்தொக்கில், சூரியத் தகடு, காற்றாலை உறுப்பு போன்ற 54 வகைச் சுற்றாடல் பொருட்களின் தீர்வையை 5 வீதத்துக்கு மேற்படாமல் குறைக்க உடன்பட்டார்கள். வர்த்தகமும் வலுசக்தியும் ஒரே முடிவில் சந்திக்கிற இடம் இது. தீர்வை குறைந்தால் தகடு மலியும், தகடு மலிந்தால் நிலக்கரி மிச்சமாகும்.

ஆய்வு எப்படி ஒப்பந்தத்தையே அசைக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2011 மார்ச்சில் புக்குஷிமா விபத்துக்குப் பிறகு ஜப்பான் அணு உலைகளை ஒவ்வொன்றாக நிறுத்தியது. 2010இல் ஏறக்குறைய 7 கோடித் தொன்னாக இருந்த அதன் திரவ வாயு இறக்குமதி 2012இல் 8 கோடியே 70 இலட்சம் தொன் அளவுக்கு ஏறியது. விலையும் ஏறியது. சரக்கைத் திருப்பி விற்கக்கூடாது என்ற நிபந்தனை வாங்குபவனின் கையைக் கட்டிப்போடுகிறது என்று ஆய்வாளர்கள் தொடர்ந்து எழுதினார்கள். 2017 ஜூனில் ஜப்பானின் நியாய வர்த்தக ஆணைக்குழு இதை விசாரித்து அறிக்கை வெளியிட்டது. அப்படியான நிபந்தனைகள் போட்டிச் சட்டத்தை மீறக்கூடியவை என்றது. நாற்பது வருடப் பழக்கத்தில் அது ஒரு விரிசல்.

ஆச்சே: கணக்கில் வராத பக்கம்

இதுவரை சொன்னதெல்லாம் மேசையின் மேலே நடந்தது. இனி நிலத்துக்கு வருவோம்.

சுமாத்திராவின் வடமுனையிலிருக்கும் ஆச்சேயை 'மக்காவின் முன்முற்றம்' என்று அந்த மக்கள் அழைப்பார்கள். அக்காலத்தில் தீவுகளிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர்கள் கடைசியாகத் தங்கிச் சென்ற கரை அது. 1971இல் அங்கே லோக்சூமாவே நகருக்கு அண்மையில் அருண் என்ற இடத்தில் மிகப்பெரிய வாயுப் படுகை கண்டுபிடிக்கப்பட்டது. 1973இல் ஜப்பானிய நிறுவனங்களோடு இருபது வருட ஒப்பந்தம். 1978இல் முதல் கப்பல். 1986இல் தென்கொரியா தன் முதல் திரவ வாயுவை வாங்கியதும் இங்கிருந்துதான்.

ஒப்பந்தத்தின் கண்ணால் பார்த்தால் இது பெரிய வெற்றி. ஜப்பானுக்கு மின்சாரம், ஜகார்த்தாவுக்கு டொலர். ஆனால் ஆலையின் தீச்சுவாலை தெரிகிற தூரத்தில் வாழ்ந்த ஆச்சே மக்களுக்கு? வருமானம் தலைநகருக்குப் போனது. நல்ல வேலைகள் வெளியாருக்குப் போயின. நிலத்தையும் வயலையும் விட்டுக்கொடுத்தவர்கள் வேலிக்கு வெளியே நின்றார்கள். 1976 டிசம்பரில் ஹசன் டி தீரோ ஆச்சேயின் சுதந்திரத்தைப் பிரகடனம் செய்தபோது வாயு வருமானம் பற்றிய மனக்குறையும் அதற்கு ஒரு காரணமாக இருந்தது. 1989 முதல் 1998 வரை ஆச்சே இராணுவ நடவடிக்கைப் பிரதேசமாக வைக்கப்பட்டிருந்தது. ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். எத்தனை உம்மாமார் பிள்ளைகளைத் தேடி அலைந்தார்கள் என்பதை யுத்தம் பார்த்த எங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

2001இல் பாதுகாப்பு நிலை மோசமானதால் வயலை நடத்திய நிறுவனம் சில மாதம் உற்பத்தியை நிறுத்தியது. ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் போகவேண்டிய சரக்கைப் பொன்டாங்கிலிருந்து ஈடுசெய்ய வேண்டி வந்தது. வலுசக்தி ஆய்வுகளின் மொழியில் இதற்குப் பெயர் 'விநியோகத் தடங்கல்'. அந்தச் சொல் பொய்யல்ல. ஆனால் அது வாங்குகிறவனின் கரையில் நின்று பார்க்கிறவன் சொல்லும் சொல். தடங்கல் எங்கிருந்து வந்தது என்று கேட்க அந்தச் சொல்லுக்குள் இடமில்லை.

இன்னொரு கசப்பையும் சொல்ல வேண்டும். அருண் வாயுவை நம்பி ஆசியான் நாடுகள் கூட்டாக அங்கே ஒரு பசளைத் தொழிற்சாலை கட்டின. பிராந்திய ஒத்துழைப்பின் முன்மாதிரி என்று அதைச் சொன்னார்கள். வாயு குறையத் தொடங்கியபோது ஏற்றுமதி ஒப்பந்தக் கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன. பசளைத் தொழிற்சாலை போதிய வாயு கிடைக்காமல் மூடப்பட்டது.

2004 டிசம்பர் 26 காலையில் கடல் வந்தது. ஆச்சேயில் மட்டும் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போனார்கள். அதே அலைதான் இரண்டு மணித்தியாலத்தில் எங்கட கிழக்குக் கரைக்கும் வந்தது. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு என்று நாம் இன்றும் எண்ணிக்கொண்டிருக்கிற ஊர்களுக்கும் ஆச்சேக்கும் அந்த உறவு உண்டு. இழப்பு அங்கே இரு தரப்பையும் பேச வைத்தது. 2005 ஓகஸ்ட் 15இல் பின்லாந்தின் முன்னாள் ஜனாதிபதி மார்ட்டி அஹ்திசாரியின் மத்தியஸ்தத்தில் ஹெல்சிங்கியில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஆச்சேயின் எண்ணெய், வாயு வருமானத்தில் 70 வீதம் ஆச்சேக்கே என்பது அதில் ஒரு வாசகம்.

நல்ல வாசகம். ஆனால் எழுதப்பட்ட காலத்தைப் பாருங்கள். முதல் கப்பல் போய் 27 வருடம். படுகை வற்றிக்கொண்டிருந்தது. 2014 ஒக்டோபரில் அருணிலிருந்து கடைசித் திரவ வாயுக் கப்பல் புறப்பட்டது. 2015இல் அதே ஆலை இறக்குமதி முனையமாக மாற்றப்பட்டது. இப்போது பப்புவாவின் தாங்கு போன்ற இடங்களிலிருந்து வாயு அங்கே வந்திறங்கி, குழாய் வழியே மேடான் பக்கம் போகிறது. 36 வருடம் உலகத்துக்கு வாயு கொடுத்த மண் இன்று வாயு வாங்கும் மண்.

ஆய்வாளர்கள்தான் இதற்குக் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஜகார்த்தாவின் ஆட்சிதான் முதற் பொறுப்பாளி. ஆனால் பசிபிக் ஆய்வு மேசைகளில் ஆய்வாளர், வர்த்தகர், அதிகாரி என்ற மூன்று நாற்காலிகள் இருந்தன. வயலுக்குப் பக்கத்தில் வாழ்கிறவனுக்கு நான்காவது நாற்காலி இருக்கவில்லை. அவனுடைய பங்கு எவ்வளவு என்ற கேள்வி 1973 ஒப்பந்தத்திலேயே எழுந்திருந்தால், ஒருவேளை அந்த வாயு தடங்கலில்லாமலும் போய்ச் சேர்ந்திருக்கும்.

இக்கட்டில் ஒத்துழைப்பு

நெருக்கடி வரும்போது இந்த ஒத்துழைப்பு எவ்வளவு தாங்கும் என்பதை 2022 காட்டியது. அந்த வருடம் ஜனவரி முதலாம் திகதி இந்தோனேசியா நிலக்கரி ஏற்றுமதியை ஒரு மாதத்துக்குத் தடை செய்தது. மின்நிலையங்களுக்கு அனல் நிலக்கரியை உலகிலேயே அதிகம் விற்கிற நாடு, தன் சொந்த மின்நிலையங்களுக்கு நிலக்கரி இல்லையென்று கதவை மூடியது. காரணம் எளிது. சுரங்கக்காரர் உற்பத்தியில் கால்வாசியை உள்நாட்டுக்குத் தொன் 70 டொலருக்கு மேற்படாமல் கொடுக்க வேண்டும். வெளிச்சந்தையில் விலை அதைவிடப் பல மடங்கு. ஜப்பானும் தென்கொரியாவும் பிலிப்பைன்ஸும் தடையை நீக்கக் கேட்டன. அம்மாதத்திலேயே தடை படிப்படியாகத் தளர்ந்தது. பல வருடமாகப் பேசிப் பழகியிருந்ததால் யாரிடம் யார் பேசுவது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பேசிப் பழகாதவர்களின் நிலை வேறு. அதே வருடம் உக்ரேன் யுத்தத்தால் ஐரோப்பா எந்த விலை கொடுத்தும் திரவ வாயு வாங்க இறங்கியது. ஒப்பந்தம் இல்லாத சரக்கெல்லாம் அந்தப் பக்கம் திரும்பியது. பாகிஸ்தான் கேள்விப்பத்திரம் கோரியபோது விற்க ஒருவருமே வராத சந்தர்ப்பமும் வந்தது. மாணவியின் கேள்விக்கு இது இரண்டாவது பதில். ஒப்பந்தத்தில் எழுதப்படாத கப்பல், காசு அதிகம் உள்ளவனைக் கேட்டு அவனிடம் போகிறது.

எங்களுக்கு இதில் என்ன?

இலங்கை பசிபிக் நாடல்ல. ஏபெக்கில் எங்களுக்கு இடமில்லை. ஆனால் 1997இல் தொடங்கிய பிம்ஸ்டெக்கிலும் இந்து சமுத்திர விளிம்பு நாடுகளின் சங்கத்திலும் நாங்கள் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறோம். பிம்ஸ்டெக் நாடுகளின் மின்கம்பிகளை இணைப்பது பற்றி 2018இல் புரிந்துணர்வு உடன்படிக்கையும் கைச்சாத்தானது. இவற்றை அரசாங்கங்கள் கூடிக் கலைகிற கூட்டங்களாகவே நாம் பார்க்கிறோம். அரசாங்கம் கூடும் முன்பே ஆய்வாளர்கள் பல வருடம் கூடி, ஒரே கணக்கைப் பேசப் பழக வேண்டும் என்பதே பசிபிக் தரும் முதற் பாடம். எங்கள் பக்கத்தில் அந்த அத்திவாரம் இன்னும் மெல்லியது.

இரண்டாவது பாடம் இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. 2011இல் மன்னார்ப் படுகையில், கடலுக்கடியில் இயற்கை வாயு கண்டுபிடிக்கப்பட்டது. இன்றுவரை அது எடுக்கப்படவில்லை. ஒருநாள் எடுக்கப்படலாம். அந்தக் கரையில் வாழ்கிறவர்கள் தமிழ் மீனவர்களும் முஸ்லிம் மீனவர்களும். 1990இல் உடுத்த உடையோடு வெளியேற்றப்பட்டு, இன்னும் முழுதாகத் திரும்பி முடியாத எருக்கலம்பிட்டி, முசலி, சிலாவத்துறை மக்களும் அவர்களுக்குள் அடங்குவர். கரையில் காற்றாலைகள் எழுந்தபோதே வெள்ளம் வடியும் வழி, மீன்பாடு, காணி என்று அந்த மக்கள் கேள்வி எழுப்பினார்கள். வாயு வந்தால் கேள்விகள் இன்னும் பெரிதாகும். வருமானத்தில் மாவட்டத்துக்கு எவ்வளவு? வேலை யாருக்கு? கடலில் எந்த எல்லைக்குள் வலை போடலாம்? உள்நாட்டுத் தேவைக்கு எவ்வளவு ஒதுக்குவது? ஆச்சேயில் இவற்றுக்குப் பதில் எழுதப்பட்டபோது படுகை வற்றும் காலமாகிவிட்டது. இங்கே வாயு எடுக்கத் தொடங்கும் முன்பே எழுத முடியும். எழுதுவதற்கு ஆள் வேண்டும்.

அங்கேதான் எங்கள் குறை. நாட்டில் நடக்கிற கொள்கை ஆய்வு பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு ஆங்கிலத்திலேயே முடிந்துவிடுகிறது. முசலியில் வலை இழுக்கிறவரிடம் அது போவதில்லை, அவர் சொல்வது அதற்குள் வருவதுமில்லை. எங்கள் பிள்ளைகள் உயர்தரத்தில் பொருளியலும் புவியியலும் தமிழில்தான் படிக்கிறார்கள். நல்ல சித்தியும் எடுக்கிறார்கள். பல்கலைக்கழகம் போன பிறகு அந்த அறிவை ஊரின் கணக்கில் பிரயோகிக்க அவர்களை யாரும் கேட்பதில்லை.

ஆகவே இந்தச் சஞ்சிகையைப் படிக்கிற இளம் பட்டதாரிகளிடம் ஒரு வேலையைக் கேட்கிறேன். மன்னார்க் கரையின் பத்து ஊர்களை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை படகு, எந்த மாதம் எந்தப் பக்கம் மீன்பாடு, எத்தனை குடும்பத்துக்குக் காணி உறுதி இருக்கிறது என்று எழுதி எடுங்கள். மதத்தைப் பார்க்காமல் கரையில் உள்ள எல்லோரையும் எண்ணுங்கள். தமிழில் எழுதுங்கள், பிறகு சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் கொண்டுபோகலாம். பசிபிக்கில் ஒரு பேராசிரியரின் நிறைவேறாத யோசனை அரசாங்கங்களின் மேசைக்கு வர 24 வருடம் பிடித்தது. அவ்வளவு காலம் எங்களிடம் இருக்கிறதா என்பது சந்தேகம். ஆனால் மன்னார் பற்றிய பேச்சு எந்த மேசையில் தொடங்கினாலும், அந்தக் கரையின் கணக்கு ஏற்கனவே எழுதப்பட்டு அங்கே இருக்க வேண்டும்.